இரு இதயங்களின் ஒத்திசைவை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது அவர்களுடைய இதயத் துடிப்பு சேர்ந்து ஏறி இறங்குவதுண்டு. இதை அளக்கக் கிளம்புபவர்கள் பலர், எதை அளக்கிறோம் என்பதிலேயே கோட்டை விடுகிறார்கள். துடிப்புக்குத் துடிப்பு ஒன்றாக விழுவதில்லை. துடிப்பின் வேகம் கூடிக் குறையும் விதம்தான் ஒத்துப்போகிறது. ஒருவருக்கு நிமிடத்துக்கு 65, மற்றவருக்கு 85 என்று இருந்தாலும் ஒத்திசைவு இருக்கலாம்.

ஸ்மார்ட் வாட்ச் இதற்குப் போதாது. அது காட்டும் எண் பல விநாடிகளின் சராசரி; கையை ஆட்டிப் பேசினாலே பதிவு கெட்டுவிடும். மார்பில் ஒட்டும் ஈசிஜி வேண்டும், விநாடிக்கு 250 முறையாவது அளவெடுக்க வேண்டும். இரண்டு தனிக் கருவிகள் என்றால் அவற்றின் கடிகாரங்களை நம்பாதீர்கள். அசைவு உணரி உள்ள கருவிகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து மூன்று முறை தட்டுங்கள். இரண்டு பதிவிலும் மூன்று கூர்முனைகள் விழும். முடிவிலும் இதைச் செய்ய வேண்டும். தொடக்கத்தில் தட்டியது இரு கடிகாரங்களின் நேர வித்தியாசத்தைக் காட்டும். முடிவில் தட்டியது இடையில் கடிகாரம் எவ்வளவு நகர்ந்தது என்பதைக் காட்டும். உள்ளங்கை வியர்வையையும் அளப்பவர்கள், அது தூண்டலுக்கு 1 முதல் 3 விநாடி பிந்தியே எழும் என்பதைக் கணக்கில் கொள்ளவும்.

பெரும்பாலானோர் அளக்க மறப்பது மூச்சை. மூச்சை இழுக்கும்போது துடிப்பு வேகமெடுக்கும், விடும்போது தணியும். பேசுகிறவர் சட்டென்று இழுத்து, நீளமாக விடுகிறார். அதனால் பேச்சே துடிப்பை மாற்றிவிடுகிறது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட சேர்ந்திசை ஆய்விலும் பாட்டின் அமைப்பு மூச்சைக் கட்டுப்படுத்த, மூச்சு இதயங்களை இணைத்தது. மார்பில் மூச்சுப் பட்டை கட்டாமல், யார் எப்போது பேசினார் என்று குறிக்காமல் எடுத்த தரவை வைத்து உறவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பதே எங்கள் கருத்து.

அடுத்தது, பொதுக் காரணத்தை இருவருக்கிடையிலான பிணைப்பு என்று எண்ணிவிடுவது. ஒரே கதையைத் தனித்தனியாகக் கேட்டவர்களின் துடிப்பும் ஒத்துப்போனதாக 2021-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஸ்பெயினின் சான் பெத்ரோ மன்ரீக்கே ஊரில் தீ மிதிப்பை ஆராய்ந்தவர்கள் இதை நன்றாகக் கையாண்டார்கள். தீ மிதித்தவரின் துடிப்போடு, பார்த்துக்கொண்டிருந்த உறவினர், நண்பர் துடிப்பு இணைந்தது. அதே தீயைப் பார்த்த அந்நியரின் துடிப்பு இணையவில்லை. 2011-இல் வெளியான அந்த முடிவுக்கு வலு சேர்த்தது இந்த ஒப்பீடுதான்.

உங்கள் ஆய்விலும் அதே வேலையைப் பொய் ஜோடிகள் செய்யும். முதல் ஜோடியின் ஒருவரை மூன்றாம் ஜோடியின் ஒருவரோடு, எல்லா ஜோடிகளும் செய்த அதே பணியின் அதே நிமிடங்களில் பொருத்திக் கணக்கிடுங்கள். உண்மை ஜோடிகளுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லையென்றால், ஒத்திசைவைத் தந்தது பணிதான். மெதுவாக மாறும் இரண்டு கோடுகள் தற்செயலாகவே பொருந்திப்போகும் என்பதால் நீண்ட ஏற்ற இறக்கப் போக்கை முதலில் நீக்கிவிடவும்.

ஒத்திசைவு கூடினால் உறவு நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். அமெரிக்க உளவியலாளர்கள் லெவன்சன், காட்மன் இருவரும் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், பிணக்கைப் பற்றிப் பேசும்போது உடல் மாற்றங்கள் அதிகமாக இணைந்தது மணவாழ்வில் நிறைவில்லாத தம்பதியரிடம். என்ன பேசினார்கள், அது எப்படி இருந்தது என்று இருவரையும் தனித்தனியே கேட்டு, பதிவோடு சேர்த்து வைக்க வேண்டும்.