பழைய கியா பார்க்கப் போகிறீர்களா?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் தம்பிகள் மூவருக்கும் கார் பார்த்துக் கொடுத்தவன் நான்.

முதலில் தலைகளை எண்ணுங்கள். இருவர் என்றால் கியாவின் சின்னக் கார் பிகாந்தோ போதும். வீடு செம்பனைத் தோட்டத்துக்குள் என்றால் அது வேண்டாம். மழை பெய்த செம்மண் தடத்தில் அடிப்பாகம் உரசும். அங்கே தரையிலிருந்து உயரமான ஸ்போர்ட்டேஜ்தான்.

தைப்பூசத்துக்கு மாமியார், பால்குடம் எல்லாம் ஏற்றி ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போக வேண்டுமா? கியாவின் பெரிய குடும்ப வண்டி கார்னிவல். 2022-இல் இங்கே வந்த 11 இருக்கை வண்டியில் நான்கு வரிசை. கடைசி வரிசை பிள்ளைகளுக்குத்தான், பெரியவர் உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். மலேசிய நாசா (Naza) நிறுவனம் விற்ற பழைய ரியாவும் கார்னிவலின் மறுபெயர்தான். உதிரிப்பாகம் தேடும்போது இதைச் சொல்லுங்கள். சறுக்குக் கதவைப் பத்து முறை திறந்து மூடுங்கள்.

அப்புறம், விடியற்காலையில் போங்கள். இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது தெரியும் கோளாறை மறைக்கப் பார்க்கிறார்களோ என்னவோ; சரி, தேநீர் குடித்துவிட்டு வீடு திரும்புங்கள்.