டியூப் காலியாக வரவில்லை: பி.டி.-1 புரதத்தைக் கரைக்கும் முறை

வாங்கிய புரதம் வந்த தெர்மோகோல் பெட்டியைப் பிரித்து, டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஒன்றுமே இல்லையே" என்று பதறாத புது மாணவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. உள்ளே இருக்கும் நூறு மைக்ரோகிராம் புரதம் என்பது ஓரிரண்டு தூளுப்புப் பரலின் எடைதான். ட்ரெஹலோஸ் சர்க்கரையோடு உறையவைத்து உலர்த்தியிருப்பார்கள். சுவரில் மெல்லிய வெள்ளைப் படலம் தெரிந்தால் உண்டு.

பி.டி.-1 என்பது நோயெதிர்ப்பு வேலை செய்யும் டி செல்லின் மேற்பரப்பில் நின்று அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பி. 1992-இல் கியோட்டோவில் தசுகு ஹோஞ்சோவின் ஆய்வகம் அதைக் கண்டறிந்தது. 2018-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. முழு ஏற்பியில் 288 அமினோ அமிலங்கள். நாம் பெரும்பாலும் வாங்குவது செல்லுக்கு வெளியே நீட்டி நிற்கும் பகுதியை மட்டும், அதையும் எச்.இ.கே. 293 என்ற மனிதச் செல்களில் வளர்த்து எடுக்கிறார்கள்.

முதல் வேலை, காத்திருப்பது. மூடியைத் திறக்காமல் அரை மணி நேரம் மேசையில் வையுங்கள். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா வாங்கினால், கைக்கு வந்த நிமிடமே டம்ளர் வியர்க்கிறதல்லவா? மதுரை வெயிலில் குளிர்ந்த டியூபைத் திறந்தால் அதே வியர்வை உள்ளே, பொடியின் மேல் படியும்.

அடுத்து, சென்ட்ரிஃப்யூஜில் ஒரு நிமிடம் சுழற்றுங்கள். இதை நான் ஒருமுறை தவிர்த்தேன். மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த செதில், திறந்த வேகத்தில் மின்விசிறிக் காற்றோடு போய்விட்டது. பேராசிரியரிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று.

இனி கரைப்பது. எதில் கரைக்க வேண்டும் என்பது உடன் வரும் தாளில் இருக்கும். நுண்ணுயிர் நீக்கிய தண்ணீர் என்றால் தண்ணீர்தான். பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலிலிருந்து உலர்த்திய பொடிக்கு மீண்டும் பி.பி.எஸ். ஊற்றினால் உப்பு இரட்டிப்பாகும். 100 மைக்ரோகிராமுக்கு 500 மைக்ரோலிட்டர் விட்டால், ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 மில்லிகிராம். இதைவிட வெகுவாக நீர்த்துப்போனால் புரதம் டியூப் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கச் சிலர் 0.1 சதவீதம் பி.எஸ்.ஏ. என்ற மாட்டுப் புரதம் சேர்ப்பார்கள், பின்னால் பி.டி.-1-ஓடு பயோட்டின் என்ற சிறு அடையாள மூலக்கூறை இணைக்கும் எண்ணம் இருந்தால் சேர்க்காதீர்கள், பயோட்டின் பி.எஸ்.ஏ. மேலும் ஏறிவிடும்.

டியூபை வேகமாகக் குலுக்கும் வோர்டெக்ஸ் கருவி வேண்டாம், நுரை வந்தால் புரதம் கெடும். விரல்களுக்கிடையே மெல்ல உருட்டி, இருபது நிமிடம் விடுங்கள்.

கரைந்ததும் இருபது இருபது மைக்ரோலிட்டராகப் பிரித்து, தேதி எழுதி, மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் வையுங்கள். ஒன்றை எடுத்தால் எடுத்ததுதான். மீதியைத் திரும்ப உறையவைக்க வேண்டாம். ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் இணைப்பு உண்டா என்று மின்தடைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பார்க்கும்போது இன்னொரு பதற்றம் வரும். ஹிஸ் வால் (சுத்திகரிக்க உதவும் ஹிஸ்டிடின் தொடர்) கொண்ட துண்டின் மூலக்கூறு எடை கணக்குப்படி சுமார் 17 கிலோடால்டன். பட்டையோ 30-க்கு மேலே, அகலமாகப் பரவி நிற்கும். மனிதச் செல்கள் அதன்மேல் ஏற்றிய சர்க்கரைச் சங்கிலிகளின் வேலை அது. வேறு பொருள் அனுப்பிவிட்டார்கள் என்று விற்றவர்களுக்குக் கடிதம் எழுத உட்காராதீர்கள்.