கோப்புப் பரிமாற்றம் சில வேளைகளில் மட்டும் அறுபடுகிறதா? ஃபயர்வாலில் பார்க்க வேண்டியவை

ஃபயர்வால் ஒரு பரிமாற்றத்தை முழுவதுமாகத் தடுத்துவிட்டால் காரணத்தைக் கண்டுபிடிப்பது எளிது. சில கோப்புகள் ஒழுங்காகப் போய்ச் சேர, சில மட்டும் பாதியில் நின்றுவிடும் நிலைதான் ஆளை அலைக்கழிக்கும். இத்தகைய நேரத்தில் விதிகளை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட, தோல்வியடைந்த ஒவ்வொரு முறையும் கோப்பின் அளவு என்ன, இணைப்பு தொடங்கி எவ்வளவு நேரத்தில் அறுந்தது, எந்த போர்ட் (இணைப்பு எந்தச் சேவைக்கு என்று காட்டும் எண்) பயன்பட்டது என்ற மூன்று விவரங்களைக் குறித்துவைப்பது மேல். கண்டபடி வருவதாகத் தோன்றும் பிழை, பெரும்பாலும் இவற்றில் ஒன்றைச் சார்ந்தே வருகிறது.

சிறிய கோப்புகள் தவறாமல் போகின்றன, நெடுநேரம் பிடிக்கும் பெரிய கோப்புகள் மட்டும் தோற்கின்றன என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ஃபயர்வாலின் செயலற்ற நேர வரம்பை, அதாவது எதுவும் ஓடாத இணைப்பை அது எவ்வளவு நேரம் விட்டுவைக்கும் என்ற அளவை. கோப்புகளை அனுப்பும் நெறிமுறையான எஃப்டிபி இரண்டு இணைப்புகளைப் பயன்படுத்துகிறது: கட்டளைகளுக்கு 21-ஆம் போர்ட்டில் ஒன்று, தரவுக்குத் தனியாக இன்னொன்று. தரவு ஓடிக்கொண்டிருக்கும்போது கட்டளை இணைப்பில் எதுவும் நடப்பதில்லை. ஐந்து நிமிட வரம்பு வைத்திருக்கும் ஃபயர்வால், இருபது நிமிடம் பிடிக்கும் பரிமாற்றத்தின் நடுவிலேயே அந்த இணைப்பைத் தன் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் நீக்கிவிடும். கோப்பு முழுவதும் போய்ச் சேர்ந்திருக்கும்; ஆனால் 'முடிந்தது' என்று சர்வர் அனுப்பும் 226 என்ற பதில் திரும்பி வராது. அனுப்பிய நிரல் அதைத் தோல்வி என்றே கருதி, அதே கோப்பை மறுபடியும் முதலிலிருந்து அனுப்பத் தொடங்கும். ஆகவே சர்வரில் கிடக்கும் கோப்பின் அளவை மூலக் கோப்பின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தும் பிழைச் செய்தி வந்தால், காரணம் அநேகமாக இதுதான்.

இதற்குத் தீர்வு, டிசிபி கீப்அலைவ்: சும்மா இருக்கும் இணைப்பு உயிரோடிருக்கிறது என்று காட்ட, அவ்வப்போது ஒரு சிறு பாக்கெட்டை (தரவுத் துண்டை) அனுப்பும் வசதி. அதை இயக்கிவிட்டால் மட்டும் போதாது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை: லினக்ஸில் முதல் கீப்அலைவ் பாக்கெட் புறப்படுவதற்கான இயல்பான காத்திருப்பு 7200 விநாடிகள், அதாவது இரண்டு மணி நேரம். ஃபயர்வாலின் வரம்பு அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தப் பாக்கெட்டால் பயனில்லை. எனவே காத்திருப்பை வரம்பில் பாதிக்கும் கீழே கொண்டுவர வேண்டும். எஸ்எஸ்ஹெச் என்ற குறியாக்கப்பட்ட இணைப்பு வழியாகக் கோப்பு அனுப்பும் எஸ்எஃப்டிபி, 22-ஆம் போர்ட்டில் ஒரே இணைப்பில் இயங்குவதால் பரிமாற்றத்தின் நடுவில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு கோப்புகளுக்கு இடையே நீண்ட இடைவெளி விழுந்தால் மட்டுமே வரும், அதற்கு எஸ்எஸ்ஹெச் அமைப்பில் 60 விநாடிக்கு ஒருமுறை உயிர்ப்புச் செய்தி அனுப்பச் சொன்னால் போதும்.

அளவுக்கும் தோல்விக்கும் தொடர்பே தெரியவில்லை என்றால் போர்ட்டைப் பாருங்கள். எஃப்டிபியின் பாசிவ் முறையில் (தரவு இணைப்பையும் சர்வர் அல்ல, பயனர் பக்கமே தொடங்கும் முறை), தரவு இணைப்புக்கான போர்ட்டை ஒவ்வொரு முறையும் சர்வரே தேர்ந்தெடுத்து, 227 என்று தொடங்கும் பதிலில் ஆறு எண்களாகச் சொல்லும். கடைசி இரண்டு எண்கள் 197, 200 என்றால், 197-ஐ 256-ஆல் பெருக்கி 200-ஐக் கூட்ட, 50632 என்ற போர்ட் கிடைக்கும். சர்வரில் 50000 முதல் 51000 வரை ஒதுக்கியிருக்க, ஃபயர்வாலில் 50500 வரை மட்டுமே திறந்திருந்தால், இந்த முயற்சி தோற்கும். அடுத்த முயற்சியில் 50069 வந்தால் எந்தக் குறையும் இல்லாமல் போகும். குறியாக்கம் இல்லாத எஃப்டிபியில், பல ஃபயர்வால்கள் 227 பதிலைத் தாமே படித்து உரிய போர்ட்டைத் திறந்துவிடுவதால் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. குறியாக்கம் செய்யும் டிஎல்எஸ் சேர்த்தவுடன் அந்தப் பதிலைப் படிக்க முடியாமல் போகிறது. 'பாதுகாப்பான முறைக்கு மாறியபின்தான் கெட்டது' என்ற புகாரின் பின்னணி பெரும்பாலும் இதுவே. இரண்டு இடங்களிலும் ஒரே போர்ட் வரம்பை எழுதிவைக்க வேண்டும்.

உள்நுழைவு சரியாக நடந்து, கோப்பின் முதல் சில பைட்டுகளிலேயே எல்லாம் உறைந்துவிட்டால், வழியில் எங்கோ ஐசிஎம்பி செய்திகள் ('பாக்கெட் மிகப் பெரிது' என்பது போன்றவற்றை அனுப்பியவருக்குத் தெரிவிப்பவை) தடுக்கப்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் அளவில் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) அனுப்பிப் பாருங்கள். தலைப்புகளுக்கான 28 பைட்டுகள் சேர்ந்து அது 1500 ஆகும். அது போகாமல் சிறிய பிங் மட்டும் போனால் பாக்கெட் அளவே சிக்கல். நெரிசல் நேரத்தில் மட்டும் தோல்வி வந்தால், ஃபயர்வாலின் இணைப்புப் பட்டியல் நிரம்பிவிட்டதா என்று அதன் லாக்கில் தேடுங்கள்.

இவற்றால் தெளிவு பிறக்காவிட்டால், இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் பாக்கெட்டுகளைப் பிடித்து ஒப்பிடுவதே உறுதியான வழி. அனுப்பியவரிடம், இணைப்பை உடனே துண்டிக்கும் ரீசெட் பாக்கெட் வந்திருக்க, சர்வர் அதை அனுப்பவே இல்லை என்றால், நடுவில் இருக்கும் ஏதோ ஒரு கருவிதான் அதை அனுப்பியிருக்கிறது. ஃபயர்வாலை நிர்வகிப்பவரிடம் 'அவ்வப்போது போகவில்லை' என்று மட்டும் சொன்னால் அவரால் எதையும் தேட முடியாது. தோல்வி நிகழ்ந்த நேரத்தை விநாடி வரை, நேர மண்டலத்தோடும், இரு பக்க ஐபி முகவரிகள், போர்ட் எண்களோடும் சேர்த்துக் கொடுங்கள்.