இஸ்ரோ சொல்லும் இரண்டு எண்களிலிருந்து சுற்றுக்காலம் கண்டுபிடிப்பது எப்படி?

2023 ஜூலை 20 அன்று சந்திரயான்-3 இப்போது 71351 x 233 கி.மீ. சுற்றுப்பாதையில் இருக்கிறது என்று இஸ்ரோ அறிவித்தது. பெரிய எண், கலம் பூமியை விட்டு அதிகபட்சம் எவ்வளவு உயரம் போகும் என்பது. சிறிய எண், எவ்வளவு கிட்டே வரும் என்பது. இந்த இரண்டை வைத்தே அது ஒரு சுற்று சுற்ற ஆகும் நேரத்தை நாமே கண்டுபிடிக்கலாம். பள்ளியை விட்டுப் பல வருடம் ஆனவர்களுக்கும் இது எட்டும்.

தேவையானவை: தமிழ்நாடு பாடநூலில் பிளஸ் ஒன் இயற்பியல் இரண்டாம் தொகுதி (முதல் பாடமே ஈர்ப்பியல்தான்), ஒரு நோட்டு, ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர். போன் செயலியை விட கேசியோ எஃப்எக்ஸ்-991 எனக்குப் பிடிக்கும். போட்ட கணக்கு முழுவதும் திரையிலேயே நிற்கும், தவறு எங்கே என்று பின்னால் போய்ப் பார்க்கலாம். லாக் டேபிளைத் தேட வேண்டாம்.

படி 1. இரண்டு உயரங்களையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: 35792 கி.மீ.

படி 2. அதோடு பூமியின் ஆரம் 6378-ஐக் கூட்டுங்கள்: 42170 கி.மீ. இதுதான் நீள்வட்டத்தின் அரை நெட்டச்சு, அதாவது அதன் நீளமான அச்சில் பாதி.

நான் வெகுநேரம் நின்ற இடம் இந்த இரண்டாம் படிதான். இஸ்ரோ தரும் உயரம் தரையிலிருந்து அளந்தது. ஆனால் தூரத்தையும் சுற்றுக்காலத்தையும் இணைக்கும் கெப்ளர் விதிக்கு வேண்டியது பூமியின் மையத்திலிருந்து உள்ள தூரம். ஈர்ப்பைப் பொறுத்தவரை பூமியின் மொத்த நிறையும் மையத்தில் குவிந்திருப்பதாகவே எடுத்துக்கொள்கிறோம். கலத்துக்குத் தரை எங்கே என்பது ஒரு பொருட்டே இல்லை. ஆரத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் விடை 18 மணி 43 நிமிடம் என்று வரும். பார்க்க நம்பும்படி இருப்பதால் தவறு கண்ணில் படவே படாது.

படி 3. அரை நெட்டச்சின் மும்மடியை 398600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டு பையால் (2π, அதாவது 6.2832) பெருக்குங்கள். 1619-இல் கெப்ளர் வெளியிட்ட மூன்றாம் விதி, நியூட்டனின் ஈர்ப்பு விதியோடு சேர்ந்து இந்த வடிவத்துக்கு வருகிறது. 398600 என்பது ஈர்ப்பு மாறிலியைப் பூமியின் நிறையால் பெருக்கி, கிலோமீட்டர்-நொடி அளவில் எழுதியது. பாடநூலில் உள்ள எண்களைப் பெருக்கினால் மீட்டர் அளவில் வரும். அப்போது தூரத்தையும் மீட்டராக மாற்றியே தீரவேண்டும்.

விடை சுமார் 86182 நொடி, அதாவது 23 மணி 56 நிமிடம்.

இந்த எண் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ளும் நேரம் இதுதான். பூமியோடு சேர்ந்தே சுற்றி, ஒரே இடத்துக்கு மேல் நிற்பதுபோல் தோன்றும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் 35786 கி.மீ. உயரத்தில் வட்டமாகச் சுற்றுகின்றன. நம் சராசரி உயரம் 35792! பாதை எவ்வளவு நீண்டு ஒடுங்கியிருந்தாலும் அரை நெட்டச்சு ஒன்றாக இருந்தால் சுற்றுக்காலமும் ஒன்றுதான். இந்த விதியைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இவ்வளவு அழகு அதற்குள் இருப்பதை யாராவது காட்டியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

சரி, பழகிப் பார்க்க இன்னொன்று: ஏவப்பட்ட ஜூலை 14 அன்று பாதை 170 x 36500 கி.மீ. விடை 10 மணி 44 நிமிடத்தை ஒட்டி வர வேண்டும்.

பின்சேர்க்கை 1: பாடநூலில் ஆரம் 6400 என்று இருக்கிறதே என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அதையே போடுங்கள், முதல் கணக்கின் விடை ஒரு நிமிடம்தான் கூடும். வேறு சிலர் ஆரத்தை இரண்டு முறை கூட்டியிருந்தார்கள். பாதியாக்கும் முன்பு கூட்டினால் இரண்டு முறை, பாதியாக்கிய பின்பு என்றால் ஒரே முறை.

பின்சேர்க்கை 2: நிலவைச் சுற்றும்போது 6378-க்குப் பதில் 1737, 398600-க்குப் பதில் 4903. ஆகஸ்ட் 16 அன்று சந்திரயான்-3 இருந்த 153 x 163 கி.மீ. பாதைக்கு 2 மணி 3 நிமிடம் கிடைக்கும். சுமார் 400 கி.மீ. உயரத்தில் பறக்கும் சர்வதேச விண்வெளி நிலையம் அதைவிடப் பெரிய வட்டத்தை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. நிலவின் ஈர்ப்பு வலுக்குறைந்தது. அங்கே நொடிக்கு 1.6 கி.மீ. வேகம் போதும், இங்கே 7.7 கி.மீ. வேண்டும்.