லெப்பர்டு கெக்கோவுக்குக் குடற்புழுவா? மருந்துக்கு முன்னால் எச்சத்தைப் பாருங்கள்

வீட்டில் வளர்க்கும் பல்லி இனமான லெப்பர்டு கெக்கோ மெலிகிறது என்றதும் நாய்க்குட்டிக்குக் கொடுக்கும் பூச்சி மருந்தை வாங்கி ஊற்றிவிடாதீர்கள். 50, 60 கிராம் எடையுள்ள உயிர் அது. அளவு கொஞ்சம் கூடினாலும் தாங்காது. எந்த ஒட்டுண்ணி என்று தெரிந்த பிறகுதான் மருந்து.

படி 1: வாலும் எடையும்

கெக்கோ கொழுப்பைச் சேர்த்து வைப்பது வாலில்தான். அது கழுத்தளவுக்குத் தடித்திருந்தால் நல்லது. வாரம் ஒருமுறை டப்பாவில் விட்டு டிஜிட்டல் தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். நன்றாகத் தின்றும் எடை இறங்குவது, எச்சம் இளகி நாறுவது, தின்றதைக் கக்குவது, வால் குச்சியாவது எல்லாமே சந்தேகத்துக்குரியவை.

கூடவே சூட்டையும் பாருங்கள். படுக்கும் சூடான இடம் 31–33 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். மதுரை வெயில் போதும் என்று ஹீட் மேட்டை (தொட்டியைச் சூடாக்கும் மின்விரிப்பு) அணைத்துவிட்டு ஏசி அறையில் வைத்தால் செரிமானம் கெடும். சித்திரை வெயிலில் தொட்டி முழுக்கக் கொதித்தாலும் தீனி எடுக்காது. இரண்டும் புழு நோய் போலவே தெரியும்.

படி 2: எச்சம் எடுப்பது

பெரும்பாலும் ஒரே மூலையில்தான் போகும். ராத்திரி அங்கே டிஷ்யூ விரித்து, காலையில் காய்வதற்குள் எடுத்து, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். வெள்ளைக் கட்டி போதாது, பழுப்புப் பகுதி வேண்டும். உடனே போக முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃபிரீசரில் கூடாது. 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

படி 3: பரிசோதனை

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் கால்நடை மருத்துவர்களிடம் வருவது பெரும்பாலும் ஆடு மாடுதான். தயங்க வேண்டாம். ஆட்டுப் புழுக்கையில் புழு முட்டை தேடும் அதே மைக்ராஸ்கோப் சோதனையில் ஊசிப்புழு முட்டையும் காக்சிடியா என்கிற ஒரு செல் ஒட்டுண்ணியும் தெரியும். மருந்தளவை மட்டும் ஊர்வன பார்த்துப் பழகியவரிடம் கேளுங்கள். கிரிப்டோ என்கிற கிரிப்டோஸ்போரிடியம், இன்னொரு ஒரு செல் குடல் ஒட்டுண்ணி, சாதாரண சோதனையில் தப்பிவிடலாம். வால் வேகமாக மெலிந்தால், ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை கேளுங்கள். ஒருமுறை 'இல்லை' என்று வந்தாலும் மறுபடி பார்க்க வேண்டும்.

படி 4: சிகிச்சை

நல்ல திடமான கெக்கோவுக்கு ஊசிப்புழு கொஞ்சம் இருந்தால் பல மருத்துவர்கள் மருந்தே தரமாட்டார்கள். மிகுந்தால் எடைக்கேற்ப ஃபென்பெண்டசோல் என்ற புழு மருந்து, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. காக்சிடியாவுக்கு வேறு மருந்து. கிரிப்டோவை முழுதாகத் தீர்க்க நம்பகமான மருந்து இல்லை. அந்தக் கெக்கோவை நிரந்தரமாகத் தனியே வைத்து, மற்றவற்றைக் கவனித்து முடித்த பிறகு கடைசியாகக் கவனியுங்கள்.

படி 5: தொட்டி

தொட்டியைச் சுத்தம் செய்யாமல் மருந்து மட்டும் கொடுத்தால் புழு திரும்ப வரும். மணல், தேங்காய் நார் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு டிஷ்யூ விரியுங்கள். எச்சத்தை அன்றன்றே அகற்றுங்கள். மரக்கட்டைகளை எறிந்துவிடுங்கள். பிளீச்சுக்குக் கிரிப்டோ சாகாது. கொதிநீர் தாங்கும் பாத்திரங்களைக் கொதிநீரில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். தீனியாகப் போட்டு, தின்னாமல் விட்ட சில்வண்டு எச்சத்தை மேயும், அதையே கெக்கோ மறுநாள் பிடிக்கும். ஆகவே மிச்சத்தை இரவே எடுத்துவிடுங்கள். வயல் வெட்டுக்கிளி, அடுப்படிக் கரப்பான் வேண்டவே வேண்டாம். வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா கிருமி நமக்குப் பரவும் என்பதால் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கடைசி மருந்துக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எச்சம் கொடுங்கள். புதிதாக வாங்கும் கெக்கோவை மூன்று மாதம் தனி அறையில், தனி இடுக்கி, தனித் தண்ணீர்க் கிண்ணத்துடன் வையுங்கள்.