சிபிசி (ரத்த அணுக்கள எண்ணிப் பாக்கற டெஸ்ட்) ரிப்போர்ட் பாக்கறப்ப பண்ற தப்புகள், முக்கியமா அந்த பர்சன்டேஜ் விஷயம்

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முக்காவாசி பேர் எதெல்லாம் தடிமனா அச்சாயிருக்குன்னு தேடி அத மட்டும் கூகுள்ல போட்டுப் பாத்துட்டு தூக்கம் கெட்டுப் போறாங்க. நார்மல் ரேஞ்ச்ங்கறது பெரும்பாலும் ஆரோக்கியமான ஆளுங்கள்ல 95 சதவீதம் பேருக்கு வர்ற அளவு, மீதி 5 சதவீதம் பேர் ஒரு நோயும் இல்லாமலே அதுக்கு வெளிய இருப்பாங்க, அதனால இத்தன வரி இருக்கற ரிப்போர்ட்ல ஒண்ணு ரெண்டு லேசா தள்ளி இருந்தா உடனே பயப்படாதீங்க.

நிறைய பேர் கோட்டை விடறது வெள்ளை அணுக்கள்லதான். நியூட்ரோஃபில், லிம்போசைட், மோனோசைட், ஈசினோஃபில், பேசோஃபில்னு அஞ்சு வகைக்கும் சதவீதம் போட்டிருப்பாங்க, அத மட்டும் பாத்தா ஏமாந்துருவோம். உதாரணமா மொத்த வெள்ளை அணு 3000, லிம்போசைட் 60, நியூட்ரோஃபில் 30 சதவீதம்னு வைங்க. லிம்போசைட் ஏறிடுச்சேன்னு பதறுவாங்க, ஆனா கணக்கு போட்டா அது 1800தான், நார்மல். உண்மையில கவனிக்க வேண்டியது நியூட்ரோஃபில், அது வெறும் 900, பெரியவங்களுக்கு பொதுவா 1500க்கு மேல இருக்கணும். இதுவே 500க்கு கீழ போய் கூடவே காய்ச்சலும் இருந்தா எமர்ஜென்சி, காலைல பாத்துக்கலாம்னு இருக்கவே கூடாது. ரிப்போர்ட்ல அப்சல்யூட் கவுன்ட்னு, அதாவது சதவீதமா இல்லாம நேரடி எண்ணிக்கையா, தனியா இருக்கும், தயவுசெஞ்சு அதப் பாருங்க. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலும், கர்ப்பமா இருந்தாலும் வெள்ளை அணு ஏறும், அதுக்காக இன்ஃபெக்ஷன்னு நினைச்சு பழைய ஆன்டிபயாடிக்க எடுத்து முழுங்காதீங்க.

அடுத்தது ஹீமோகுளோபின் கம்மின்னதும் நேரா இரும்புச்சத்து மாத்திரை வாங்கறது. பக்கத்துலயே எம்சிவின்னு ஒண்ணு இருக்கு, சிவப்பு அணுவோட சைஸ், 80லேந்து 100 வரைக்கும் நார்மல். 100க்கு மேல போனா பி12, ஃபோலேட் குறைபாடா இருக்கலாம், அதுக்கு இரும்பு குடுத்து பிரயோஜனமில்ல. 80க்கு கீழன்னா இரும்புச்சத்து குறைவா இருக்கலாம், இல்ல தலசீமியா டிரெய்ட்டாவும் (பரம்பரையா வர்ற ரத்த நோயோட ஜீன சுமக்கறது) இருக்கலாம். எம்சிவி 65 மாதிரி கீழ கிடக்கு ஆனா சிவப்பு அணு எண்ணிக்கை மட்டும் கூடுதலா இருக்குன்னா டிரெய்ட்டான்னு டாக்டர்ட்ட கட்டாயம் கேளுங்க, ஃபெரிட்டின் (உடம்புல இரும்புச்சத்து சேமிப்பு எவ்ளோன்னு காட்டற டெஸ்ட்) பாக்காம மாசக்கணக்குல மாத்திரை போடாதீங்க. குழந்தை பெத்துக்கப் போறவங்க இத அலட்சியப்படுத்தவே கூடாது, ரெண்டு பேருக்கும் பீட்டா தலசீமியா டிரெய்ட் இருந்தா ஒவ்வொரு பிரசவத்துலயும் குழந்தைக்கு முழு நோயும் வர 25 சதவீதம் வாய்ப்பு இருக்கு.

பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு கீழ வந்தாலும் முதல்ல அது நிஜமான்னு பாக்கணும். சிலரோட ரத்தத்துல ரத்தம் உறையாம இருக்க ஈடிடிஏங்கற ரசாயனம் போட்ட டியூப்லயே பிளேட்லெட் கட்டி கட்டியா ஒட்டிக்கும், மெஷின் சரியா எண்ணாது, ஸ்மியர்ல (கண்ணாடித் துண்டுல ரத்தத்த தடவி மைக்ராஸ்கோப்ல) பாத்தாலோ வேற ரசாயனம் இருக்கற சிட்ரேட் டியூப்ல திரும்ப எடுத்தாலோ தெரிஞ்சிரும். ஆனா ஈறுல ரத்தம், தோல்ல சின்னச் சின்ன சிவப்புப் புள்ளி இருந்தா மெஷின் தப்புன்னு உக்காந்திருக்காம உடனே ஓடுங்க. டெங்குல பிளேட்லெட்ட மட்டும் பாக்கறதும் தப்பு, ஹீமட்டோகிரிட் (ரத்தத்துல சிவப்பு அணுக்களோட பங்கு) ஏறுதான்னும் பாக்கணும், காய்ச்சல் விடற சமயத்துலதான் ரத்தக்குழாய்லேந்து நீர் கசியற ஆபத்தே ஜாஸ்தி.

பழைய ரிப்போர்ட்ட தூக்கிப் போடாதீங்க, டாக்டர்ட்ட போறப்ப அதையும் கொண்டு போங்க. ரேஞ்சுக்குள்ளயே இருந்தாலும் 14.5 இருந்த ஹீமோகுளோபின் 13க்கு எறங்கிருந்தா ஏன்னு கேக்கணும். பிளாஸ்ட்னு (முதிராத ரத்த அணு, ரத்தப் புற்றுநோயோட அறிகுறியா இருக்கலாம்) ஒரு வார்த்தை ரிப்போர்ட்ல எங்கயாவது இருந்தா மட்டும் அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காம அன்னைக்கே போன் பண்ணிருங்க.