கட்டாய ஐரிஷ்: கருத்துச் சொல்லுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்தில் ஒரு பிள்ளை நான்கைந்து வயதில் பள்ளியில் சேரும் நாள் முதல், லீவிங் சர்ட் எனப்படும் பள்ளி இறுதித் தேர்வு எழுதி வெளியேறும்வரை ஐரிஷ் மொழியைப் படித்தாக வேண்டும். அப்படிப் படித்து வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கடையில் நின்று நாலு வார்த்தை ஐரிஷில் பேசச் சொன்னால் வியர்த்துவிடும். இந்த முரண்பாட்டை வைத்து அங்கே நூறாண்டாகச் சண்டை நடக்கிறது. "வரிப்பணத்துக்குப் பிடித்த கேடு, எடுத்துவிடுங்கள்" என்கிறது ஒரு தரப்பு. "மொழி போனால் நமக்கும் இங்கிலாந்துக்கும் என்ன வித்தியாசம்?" என்கிறது இன்னொரு தரப்பு. டப்ளினிலும் கார்க்கிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்த கையோடு ஏதேனும் ஒரு பக்கம் சேர்ந்துகொள்கின்றன. இரண்டு தரப்பும் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் இருவருமே சில அடிப்படைகளைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இரண்டு கட்டாயங்களை ஒன்றாக்குவது

முதல் குழப்பம் "கட்டாயம்" எதில் என்பது. படிப்பது கட்டாயமா, தேர்ச்சி பெறுவது கட்டாயமா? இன்று படிப்பது மட்டுமே கட்டாயம். முன்பு இரண்டும் கட்டாயமாக இருந்தன.

பிரிட்டனிடமிருந்து பிரிந்து சுதந்திர அரசு உருவான 1922இல், செயின்ட் பாட்ரிக் தினத்திலிருந்து (மார்ச் 17) தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது ஐரிஷ் கற்பிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கற்பிக்க வேண்டிய ஆசிரியர்களிலேயே பெரும்பாலோருக்கு அந்த மொழி தெரியாது. கோடை விடுமுறையில் அவசர அவசரமாகப் பயிற்சி கொடுத்து வகுப்புக்கு அனுப்பினார்கள். 1934 முதல், ஐரிஷில் தோற்றால் லீவிங் சர்ட் தேர்விலேயே தோல்வி. கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்திருந்தாலும் சான்றிதழ் கிடையாது, அரசு வேலைக்கான கதவும் அடைபட்டது. இந்த விதி 1973இல்தான் நீக்கப்பட்டது.

இன்று எழுபது வயதைத் தாண்டிய ஓர் அயர்லாந்துக்காரர் ஐரிஷ் என்றதும் முகம் சுளித்தால், அது அந்த நாற்பதாண்டுக் கால விதியின் தழும்பு. அவருடைய கோபத்தை எடுத்து இன்றைய மாணவனின் நிலைக்குப் பொருத்துவது காலத்தைக் குழப்புவதாகும். இப்போது உயர்நிலை, சாதாரண நிலை, அடிப்படை நிலை என மூன்று படிகள் உண்டு. தோற்றாலும் மற்றப் பாடங்களின் மதிப்பெண் கையில் இருக்கும்.

இந்தியோடு ஒப்பிடுவது

இது நம்மவர்கள் மட்டும் செய்கிற தவறு. "கட்டாய மொழி" என்று காதில் விழுந்தவுடனே 1965 நினைவுக்கு வந்துவிடுகிறது. அயர்லாந்தில் மேலிருந்து வந்த மொழி ஆங்கிலம். பள்ளியில் கட்டாயமாக்கப்பட்டது அந்த மண்ணின் பழைய மொழி. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால், பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் கொஞ்சம் நெருங்கி வரும். அதுவும் கொஞ்சம்தான். 1926 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐரிஷ் தெரியும் என்றவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேர். மற்றவர்களுக்குத் தாய்மொழியே ஆங்கிலம், பல குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக. ஆகவே கட்டாயத்தை எதிர்த்தவர்களை எல்லாம் இனத் துரோகி என்று முத்திரை குத்துவது அநியாயம். 1960களில் மொழிச் சுதந்திர இயக்கம் என்ற பெயரில் கட்டாயத்தை எதிர்த்தவர்களோடு நாடகாசிரியர் ஜான் பி. கீன் நின்றார். 2011 தேர்தலின்போது, மேல்நிலை வகுப்புகளில் ஐரிஷை விருப்பப் பாடமாக்கலாம் என்று சொன்னவர் ஃபைன் கேல் கட்சித் தலைவர் எண்டா கென்னி. அவர் ஐரிஷைச் சரளமாகப் பேசக்கூடியவர். மொழி ஆர்வலர்கள் கொதித்தெழுந்தார்கள், யோசனை கிடப்பில் போடப்பட்டது.

வரலாற்றை ஒரே வரியில் முடிப்பது

"ஆங்கிலேயன் ஐரிஷை அழித்தான்" என்பது பொய்யல்ல, ஆனால் பாதிக் கதை. மீதிப் பாதிதான் பள்ளிக்கூடத்தால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதைச் சொல்கிறது.

1831இல் தேசியப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. பாடம் ஆங்கிலத்தில். அந்தக் காலத்துப் பிள்ளைகள் கழுத்தில் கயிறு கட்டி ஒரு சிறு குச்சியைத் தொங்கவிட்டிருந்ததைப் பற்றிப் பல ஊர்களில் நினைவுகள் பதிவாகியிருக்கின்றன. பிள்ளை வாய் தவறி ஐரிஷில் பேசினால் குச்சியில் ஒரு வெட்டு விழும். மாலையில் வெட்டுகளை எண்ணி அதற்கேற்ப அடி கிடைக்கும். ஆசிரியர் அடித்தார் என்பதைவிட மனத்தை உறுத்துகிற செய்தி, வீட்டில் அந்த வெட்டுகளைப் போட்டுப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோரும் உண்டு என்பது. அவர்கள் தங்களுக்குள் ஐரிஷில் பேசினார்கள், பிள்ளையிடம் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் பேசினார்கள். லிவர்பூலிலோ பாஸ்டனிலோ பிழைக்கப் போகிற பிள்ளைக்கு ஐரிஷ் சோறு போடாது என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கைப் பஞ்சம் உறுதிசெய்தது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள், இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அடி விழுந்தது பெரும்பாலும் மேற்குக் கரையோர ஏழைகள் மீது, அதாவது ஐரிஷ் பேசியவர்கள் மீது. கத்தோலிக்கர்களின் உரிமைக்காகப் போராடிய டேனியல் ஓ'கானலுக்கு ஐரிஷ் தாய்மொழி. அவரே அது மறைவதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை.

ஒரு மொழி வீட்டைவிட்டு வெளியேறியது வயிற்றுப்பாட்டுக்காக. அதைத் திருப்பி அழைத்துவரும் வேலையை நாளொன்றுக்கு ஒரு மணி நேர வகுப்பின் தலையில் கட்டியது 1922இன் அரசு. நிர்வாகம் ஆங்கிலத்தில், வணிகம் ஆங்கிலத்தில், நாடாளுமன்றப் பேச்சில் பெரும்பகுதி ஆங்கிலத்தில். பிள்ளைகள் மட்டும் ஐரிஷை மீட்க வேண்டும்! கட்டாயம் தோற்றுவிட்டது என்று சொல்கிறவர்கள், பெரியவர்களில் பெரும்பாலோரை அந்தக் கட்டாயம் தொடவில்லை என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

வசதியான எண்ணை மட்டும் எடுப்பது

2022 கணக்கெடுப்பின்படி ஐரிஷ் பேசத் தெரியும் என்றவர்கள் 18,73,997 பேர், அதாவது நூற்றுக்கு 40 பேர். ஆதரவாளர் இதோடு நிறுத்திவிடுவார். பள்ளிக்கு வெளியே அன்றாடம் பேசுகிறவர்கள் 71,968 பேர். எதிர்ப்பாளர் இதிலிருந்துதான் தொடங்குவார். பேசத் தெரியும் என்றவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோர் "நன்றாக வராது" என்று ஒப்புக்கொண்டதையும், நாலே முக்கால் லட்சம் பேர் ஒருபோதும் பேசுவதில்லை என்றதையும் இருவருமே சொல்ல மாட்டார்கள்.

எனக்கு இதில் சுவையாகப் படுவது அந்த 40 விழுக்காடுதான். பேசாத மொழியை "எனக்குத் தெரியும்" என்று அரசாங்கப் படிவத்தில் எழுதிக்கொடுக்க மனிதர்களைத் தூண்டுவது எது? கட்டாயத்தின் மீது வெறுப்பு மட்டுமே மிஞ்சியிருந்தால் இப்படி எழுத மாட்டார்கள். அன்பு இருக்கிறது, பழக்கம் இல்லை. 1975இல் வெளிவந்த ஐரிஷ் மொழி மனப்பான்மை ஆய்வுக்குழுவின் அறிக்கையும் இதைத்தான் கண்டது: மொழி நம் அடையாளம் என்பார்கள் பெரும்பாலோர், அது கற்பிக்கப்படும் விதத்தைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள்.

பாடத்தின் மீதுள்ள கோபத்தை மொழியின் மேல் காட்டுவது

இருப்பதிலேயே பெரிய தவறு இது.

ஒரு தலைமுறையையே ஐரிஷிலிருந்து விரட்டிய புத்தகம் எது என்று அங்கே கேட்டால் ஒரே பெயர் வரும்: பெக். கெர்ரி மாவட்டத்துக் கடற்கரைக்கு அப்பால் உள்ள பெரிய பிளாஸ்கெட் தீவில் வாழ்ந்த பெக் சேயர்ஸ் என்ற பெண்மணி, ஐரிஷில் எழுதத் தெரியாதவர் என்பதால் மகனிடம் சொல்லி எழுதவைத்த தன்வரலாறு. 1936இல் வெளிவந்தது. வறுமை, கடல், மரணம், பிரார்த்தனை. கதை சொல்வதில் அந்த அம்மாள் பெரிய கலைஞர், நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் தேடிப்போய் அவரிடம் கதை கேட்டார்கள். அதையே டப்ளின் புறநகரில் ராக் இசை கேட்டு வளர்ந்த பதினேழு வயதுப் பிள்ளையிடம் கொடுத்து, பத்தி பத்தியாகப் பொருள் எழுதச் சொன்னால் என்ன ஆகும்? பல்லாண்டுகள் அதைத்தான் செய்தார்கள். நல்ல புத்தகம் கேலிப்பொருளானது. தீவில் ஆளில்லாமல் போய் (கடைசிக் குடும்பங்கள் 1953இல் வெளியேற்றப்பட்டன) பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் அவர் பெயரைக் கேட்டால் பெருமூச்சு விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது பாடத்திட்டம் மாறிவிட்டது. வாய்மொழித் தேர்வுக்கு 40 விழுக்காடு மதிப்பெண். பேசினால்தான் மதிப்பெண் என்றால் பேசக் கற்றுக்கொள்வார்கள் என்று நினைத்தார்கள். அந்தத் தேர்வில் படத் தொடர் ஒன்றை விவரிக்க வேண்டும். எந்தெந்தப் படங்கள் என்பது முன்பே தெரியும். தேர்வன்று குப்புறக் கிடக்கும் தாள்களில் ஒன்றை எடுத்துக் கதை சொல்ல வேண்டும். பிள்ளைகள் என்ன செய்தார்கள்? எல்லாப் படங்களுக்கும் கதையை நெட்டுருப் போட்டுக்கொண்டு போனார்கள். படத்தில் இல்லாத ஒரு கேள்வியைத் தேர்வாளர் கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நமக்குப் புரியாத விஷயமா இது!

அதே பிள்ளைகள் கோடையில் மூன்று வாரம் கேல்டாக்ட் பகுதிக்குப் போகிறார்கள். டோனிகால், கால்வே, கெர்ரி போன்ற மாவட்டங்களில் ஐரிஷ் இன்னும் வீட்டு மொழியாக உள்ள ஊர்களுக்கு அந்தப் பெயர். ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் தங்குவார்கள். சமைத்துப்போட்டு மேற்பார்வை பார்க்கும் வீட்டுக்காரம்மாள் ஐரிஷில்தான் பேசுவார். உப்பு வேண்டுமென்றாலும் அவரிடம் ஐரிஷில்தான் கேட்க வேண்டும். காலையில் வகுப்பு, பிற்பகலில் கடலும் விளையாட்டும், இரவில் கூட்டு நடனம். ஆங்கிலம் பேசி மீண்டும் மீண்டும் பிடிபட்டால் மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இதைவிடக் கடுமையான கட்டாயம் உண்டா? இருந்தும் திரும்பி வரும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அடுத்த ஆண்டும் போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். ஆகவே கட்டாயம் வெறுப்பை விளைவிக்கும் என்ற சூத்திரம் எங்கும் செல்லாது.

பள்ளியே உருப்படியாகச் செய்த ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். 1937-38இல் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டம் நடத்தியது. சுமார் 50,000 பிள்ளைகள் தாத்தா பாட்டியிடமும் அக்கம்பக்கத்து முதியவர்களிடமும் கதை, மருத்துவம், பேய், பஞ்சத்தின் நினைவு, ஊர்ப்பெயர்க் காரணம் எல்லாவற்றையும் கேட்டு, ஐரிஷிலும் ஆங்கிலத்திலும் நோட்டுப் புத்தகங்களில் எழுதினார்கள். இன்று அந்தக் கையெழுத்துகளை இணையத்திலேயே படிக்கலாம். ஐரிஷின் பண்பாட்டு மதிப்பு என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் அது அலுவல் மொழி, மொழிபெயர்ப்பு வேலைகள் கிடைக்கின்றன, 2030க்குள் அரசுப் பணியில் புதிதாகச் சேர்கிறவர்களில் 20 விழுக்காட்டினருக்கு ஐரிஷ் தெரிந்திருக்க வேண்டுமென 2021இல் சட்டம் வந்திருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் வேலைவாய்ப்பைக் காட்டி மொழிக்கு நியாயம் தேடினால், கணினி நிரல் அதைவிடக் கூடுதலாகச் சம்பாதித்துத் தரும் என்று எதிராளி எளிதாக வாயடைத்துவிடுவார்.

ஒரு கட்சிக்கும் மதத்துக்கும் எழுதிவைப்பது

ஐரிஷ் என்றால் கத்தோலிக்கம், தேசியவாதம் என்று முடிவுகட்டுவதும் உண்டு. ஐரிஷ் மொழியை மீட்பதற்காக 1893இல் கேலிக் லீக் என்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் முதன்மையான டக்ளஸ் ஹைட் ஒரு புராட்டஸ்டன்ட் போதகரின் மகன். பிற்பாடு நாட்டின் முதல் குடியரசுத் தலைவர்.

பிரிட்டனோடு தொடரும் வட அயர்லாந்தில் கட்டாய ஐரிஷ் கிடையாது. 1969இல் பெல்ஃபாஸ்டின் ஷா சாலையில் சில குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து தாங்களே வீடுகளைக் கட்டிக் குடியேறின, வீட்டு மொழி ஐரிஷ் என்ற முடிவோடு. 1971இல் ஒரு பள்ளியும் தொடங்கினார்கள். முதல் ஆண்டு ஒன்பது பிள்ளைகள். அரசு அங்கீகாரமும் உதவியும் 1984இல்தான் வந்தன. அதுவரை கைக்காசும் நன்கொடையும். கட்டாயம் வேண்டுமா வேண்டாமா என்று தெற்கே மேடைபோட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது வடக்கே இது நடந்தது. தெற்கிலும் எல்லாப் பாடங்களையும் ஐரிஷ் வழியில் நடத்தும் கேல்ஸ்கால் பள்ளிகள் 1970களிலிருந்து பெற்றோர் முயற்சியால்தான் பெருகின. கட்டாயத்தை முற்றாக நீக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஏழைப் பிள்ளைக்கும் அந்த மொழியைத் தொட்டுப்பார்க்கும் வாய்ப்பைத் தருவது அதுதான். ஆனால் மொழியைப் பிழைக்கவைப்பது கட்டாயம் என்று நம்பவும் முடியவில்லை.

நம் குடும்பங்கள் செய்கிற தவறு

"வீட்டில் தமிழ் பேசுகிறோம், ஐரிஷிலிருந்து விலக்கு கிடைக்கும்" என்று நம்பி இருந்துவிடுவது. வீட்டு மொழி வேறு என்பது விலக்குக்குக் காரணமே ஆகாது. பன்னிரண்டு வயதுவரை ஐரிஷ் படிக்க வழியில்லாத வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து சேரும் பிள்ளைக்கும், கற்றலில் கடுமையான, நீடித்த இடர்ப்பாடு உள்ள பிள்ளைக்கும்தான் பொதுவாக விலக்கு. ஆறு வயதில் வந்த பிள்ளை படித்தாக வேண்டும். பெற்றோர் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டிய இடம் பள்ளித் தலைமை ஆசிரியர், முடிவெடுப்பவரும் அவரே. மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம்.

விலக்குக் கிடைத்தால் மருத்துவமோ பொறியியலோ கெட்டுப்போகாது. நேஷனல் யூனிவர்சிட்டி ஆஃப் அயர்லாந்தைச் சேர்ந்த கல்லூரிகள் நுழைவுக்கு ஐரிஷ் கேட்டாலும், தகுதியான விலக்கை ஏற்கின்றன. தொடக்கப் பள்ளி ஆசிரியராக விரும்புகிற பிள்ளைக்கு மட்டும் ஐரிஷ் இல்லாமல் வழியில்லை. இதைப் பதினாறு வயதில் அறிந்து திண்டாடுவதைவிட முன்பே அறிந்துகொள்வது நல்லது.

இன்னொன்று. ஆங்கில வகுப்பில் நம் பிள்ளை உள்ளூர்ப் பிள்ளைக்கு ஒரு படி பின்னால் தொடங்கலாம். ஐரிஷ் வகுப்பில் அப்படியில்லை. பக்கத்து இருக்கைப் பிள்ளையின் வீட்டிலும் ஐரிஷ் பேசுவதில்லை.